பெல் ஹவுசிங் சென்டர்: நாலு ரீடிங் எடுக்காம கியர் பாக்ஸ் ஏத்தாதீங்க

பழைய அம்பாசிடர்ல ஸ்டியரிங் பக்கத்து ஹேண்ட் கியரை எடுத்துட்டு அஞ்சு கியர் பாக்ஸ் போடப் போறவங்க, ஆட்டோமேட்டிக்கா வந்த பழைய அமெரிக்கன் வண்டியை மேனுவலா மாத்தப் போறவங்க, உங்க ரெண்டு பேருக்கும்தான் இந்த வீடியோ.

பாக்ஸ் கிடைச்சிடும். சென்னை புதுப்பேட்டையில பொறுமையாத் தேடினா கிடைக்கும். கிளச் செட்டு, பெடல், புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் மாத்துறது, எல்லாத்துக்கும் மணலியிலயும் மாதவரத்துலயும் ஆள் இருக்காங்க. ஆனா எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல உட்கார்ற பெல் ஹவுசிங், கிராங்க் ஷாஃப்டோட சென்டர்ல நிக்குதான்னு கேஜ் வச்சுப் பார்க்கிற பட்டறை ரொம்பக் குறைவு. போல்ட் ஏறிடுச்சா, வேலை முடிஞ்சது. வண்டி ஸ்டார்ட் ஆகும், கியர் விழும், ஓனரும் சந்தோஷமா எடுத்துட்டுப் போவார்.

தொல்லை அப்புறம்தான் வரும். ஆக்சிலேட்டரை விட்டா கியர் தானா நியூட்ரலுக்கு வரும். கிளச்சை மிதிச்சு நிக்கும்போது உள்ள ஒரு முனகல் சத்தம். எடுப்புல வண்டி உதறும். பாக்ஸோட முன் சீல்ல ஆயில் கசியும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போற ரோட்டுல கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னாடி வண்டி ஊர்ந்துட்டுப் போகுதுன்னு வைங்க, ஒரு கிலோமீட்டருக்குள்ள எத்தனை தடவை கிளச் மிதிக்கிறோம்! அந்த ஓட்டத்துல இந்தக் கோளாறெல்லாம் சீக்கிரமே வெளிய வரும். உடனே 'பாக்ஸ் சரியில்ல, வேற பாக்ஸ் பாரு'ன்னு சொல்லிடுவாங்க. வேற பாக்ஸ் போட்டாலும் அதே கதைதான் நடக்கும். ஏன்னா பாக்ஸ் மேல தப்பு இல்ல, அது உட்கார்ந்த இடம் தப்பு.

உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பாக்ஸ்லேர்ந்து முன்னாடி நீட்டிட்டு வர்ற கிளச் ஷாஃப்டை ரெண்டு இடத்துல பிடிச்சிருக்கு. பின்னாடி பாக்ஸோட முன் பேரிங். முன்னாடி கிராங்க் ஷாஃப்ட் நுனியில இருக்கிற பைலட் புஷ். முன் பேரிங்கை பெல் ஹவுசிங்தான் தாங்குது, பைலட் புஷ்ஷை எஞ்சின் தாங்குது. ரெண்டு சென்டரும் ஒரே கோட்டுல இல்லன்னா ஷாஃப்ட் சாய்ஞ்சு நிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் பைலட் புஷ்ஷை அறுக்கும், கிளச் பிளேட்டோட நடு ஸ்ப்லைனைத் தேய்க்கும். நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா அது எவ்வளவு தேய்மானம்னு யோசிச்சுப் பாருங்க.

போல்ட் இறுகிடுச்சே, அப்புறம் எப்படி விலகும்னு கேட்பீங்க. போல்ட்டோட வேலை இறுக்கிப் பிடிக்கிறது மட்டும்தான். 10 மி.மீ. போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை போட்டிருந்தா, பெல் எந்தப் பக்கமும் அரை மி.மீ. நகரலாம். இடத்தை நிர்ணயிக்கிறது டோவல் பின். எஞ்சின் பிளாக்ல ரெண்டு பின் நீட்டிட்டு இருக்கும், பெல்லுல அதுக்கு ரெண்டு ஓட்டை இருக்கும். பெல்லை மாத்துறோம், இல்ல நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் போடுறோம்னா, கம்பெனி நிர்ணயிச்ச அந்த உறவு அறுந்துபோச்சு. அதை நாமதான் திரும்ப உண்டாக்கணும்.

நம்ம ஊர்ல இந்தத் தேவை எப்படி வந்ததுன்னு சுருக்கமா சொல்லிடறேன். எண்ணூர்ல 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அசோக் லேலண்டா மாறினது அதுதான். அங்க முதல்ல பூட்டினது ஆஸ்டின் ஏ40 கார். அந்த ஆஸ்டின் 1200 சிசி எஞ்சினோட வழியில வளர்ந்தது பி.எம்.சி. பி-சீரிஸ். அம்பாசிடர்ல பல வருஷம் ஓடின 1489 சிசி எஞ்சின் அந்த பி-சீரிஸ்தான். அதோட வந்தது நாலு கியர், ஸ்டியரிங் பக்கத்துல கம்பி. 1990-களோட ஆரம்பத்துல இசுசு 1.8 எஞ்சினும் அஞ்சு கியர் பாக்ஸும் வந்த பிறகு, பழைய வண்டிக்காரங்களுக்கும் அந்த அஞ்சாவது கியர் மேல ஆசை வந்தது. எஞ்சினை மாத்தாம பாக்ஸை மட்டும் மாத்தணும்னா நடுவுல அடாப்டர் பிளேட் வேணும். அந்த பிளேட்டை நம்ம லேத்துலதான் கடைஞ்சு எடுக்கிறோம்.

அமெரிக்கன் வண்டி கதை கொஞ்சம் வேற. இம்பாலா மாதிரி வண்டிகள்ல பவர்கிளைடுனு ரெண்டே கியர் ஆட்டோமேட்டிக் வரும். அதைக் கழட்டி மேனுவல் போடும்போது அடாப்டர் பிளேட் தேவைப்படாது, ஆனா பெல் வேற எஞ்சினோடதா இருக்கும். அந்த பிளாக்குக்கும் இந்த பெல்லுக்கும் முன்னப் பின்னப் பழக்கம் இல்ல. இன்னொரு விஷயம், ஆட்டோமேட்டிக் எஞ்சினோட கிராங்க் நுனியில டார்க் கன்வெர்ட்டர்தான் உட்கார்ந்திருக்கும். அங்க பைலட் புஷ் இருக்காது. சில எஞ்சின்ல அந்த ஓட்டையைக் கடைசி அளவுக்குக் கடைஞ்சே இருக்க மாட்டாங்க. பாக்ஸுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி கிராங்க் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு டயல் கேஜ், ஒரு மேக்னட்டிக் ஸ்டாண்டு, இது ரெண்டும் போதும். 0.01 மி.மீ. காட்டுற கேஜ் நல்லது. பாரிமுனையில செம்புதாஸ் தெருவுல வாங்கலாம்.

முதல்ல சுத்தம். பிளாக் முகம், பிளேட் முகம், பெல் முகம் மூணுலயும் பெயின்ட், பழைய கேஸ்கெட் ஒட்டு, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. கடல் காத்துல கிடந்த பெல்லா இருந்தா ஓரத்துல துரு பொங்கியிருக்கும். அதை ஸ்டோன் வச்சுத் தேய்ச்சுடுங்க. ஒரு மயிரிழை பிசிறு இருந்தாலும் நீங்க எடுக்கிற ரீடிங் பொய்.

ஃபிளைவீலை முழு டார்க்குல டைட் பண்ணுங்க. கிளச் வேண்டாம், பாக்ஸ் வேண்டாம். பெல்லை மட்டும் போல்ட் போட்டு இறுக்குங்க. ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டுங்க, கிராங்க் கையில லேசா சுத்தணும். ஸ்டாண்டை ஃபிளைவீல் மேல ஒட்ட வைங்க. கேஜ் முனை பெல்லோட நடு ஓட்டையின் உள் சுவரைத் தொடணும். பாக்ஸ் வந்து உட்கார்ற ஓட்டை அதுதான். அங்கதான் அளவு எடுக்கணும், வெளி ஓரத்துல இல்ல.

உங்க பாக்ஸ்ல பெல்லும் கேஸும் ஒரே வார்ப்பா இருந்தா இந்த வழி நடக்காது. பாக்ஸைப் பிரிச்சு, ஷாஃப்டும் கியரும் எடுத்துட்டு, வெறும் கேஸை எஞ்சின்ல மாட்டி, முன் பேரிங் உட்கார்ற ஓட்டையில கேஜ் வைக்கணும். வேலை ஜாஸ்திதான். பழைய பாக்ஸை எப்படியும் பிரிச்சுப் பேரிங் மாத்தப் போறீங்க, அந்த நேரத்துலயே இதையும் முடிச்சுடுங்க.

(திரையில்: கேஜ் டயல், பின்னாடி இருந்து பார்க்கிற பெல் ஓட்டை)

ஓட்டையைக் கடிகாரமா வச்சுக்குங்க, பின்னாடி நின்னு பார்க்கிறோம். 12 மணியில முள்ளை சைபர்ல வைங்க. கிராங்க் முன் பக்க நட்டுல ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுத்துற திசையிலேயே மெதுவா சுத்துங்க. 9, 6, 3 மணியில நிறுத்தி ரீடிங்கை எழுதுங்க. திரும்ப 12-க்கு வந்தா சைபர் வரணும். வரலன்னா ஸ்டாண்டு நகர்ந்துடுச்சு, முதல்லேர்ந்து எடுங்க.

ஒரு உதாரணம். 12-ல சைபர். 3-ல கூட்டல் 0.08. 6-ல கூட்டல் 0.36. 9-ல கூட்டல் 0.28.

ரீடிங் நம்பலாமான்னு உடனே பார்க்க ஒரு வழி இருக்கு. மேலயும் கீழயும் கூட்டுங்க: 0.36. இடதையும் வலதையும் கூட்டுங்க: 0.28-ம் 0.08-ம் 0.36. ரெண்டும் ஒண்ணா வந்தா ரீடிங் சரி. மணலிக்காரங்க சிலருக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்திருக்கும். ஆமாம், நீங்க பிளான்ட்டுல பம்ப் கப்ளிங் அலைன்மென்ட்டுல போடுற அதே கணக்குதான். 1969-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ் மணலியில ஓட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, அதுக்கப்புறம் உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல்னு வந்து, மோட்டாரையும் பம்பையும் கேஜ் வச்சு ஒரே கோட்டுல நிறுத்துற ஃபிட்டர்கள் இந்த ஊர்ல தலைமுறையா இருக்காங்க. நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடுற பம்ப்பை 0.05 மி.மீ.க்குள்ள கொண்டு வந்து நிறுத்துற கை அது. அந்தக் கைக்கு பெல் ஹவுசிங் ஒரு வேலையே இல்ல. கார் பட்டறையும் பிளான்ட் ஃபிட்டரும் ஒரே தெருவுல இருந்தும் இந்த விஷயத்துல பேசிக்கிறதே இல்லைங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

அந்த ஃபிட்டர்கிட்ட கேட்டா இன்னொண்ணும் சொல்வார்: கேஜைத் தாங்குற கம்பி நீளமா, ஒல்லியா இருந்தா தன் எடைக்கே தொங்கும், கீழ் ரீடிங் மாறிடும். அதனால கம்பி குட்டையா, தடியா இருக்கட்டும்.

இப்போ கணக்கு. கேஜ் காட்டுற வித்தியாசத்துல பாதிதான் சென்டர் விலகல். மேல கீழ வித்தியாசம் 0.36, பாதி 0.18. கூட்டல் கீழ வந்திருக்கு, அதாவது கீழ் சுவர் கிராங்குக்குக் கிட்ட இருக்கு, பெல் மேல ஏறி நிக்குது. 0.18 கீழ இறக்கணும். பக்கவாட்டுல வித்தியாசம் 0.20, பாதி 0.10. 9 மணிப் பக்கம் சுவர் கிட்ட இருக்கு, அதனால பெல்லை 9 மணிப் பக்கமே 0.10 தள்ளணும். ரெண்டையும் சேர்த்தா சரிவா ஏறக்குறைய 0.21 மி.மீ., அதாவது 8 தவ். ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு.

பொதுவா ஏத்துக்கிற விலகல் 5 தவ், 0.13 மி.மீ. முழு சுத்துல கேஜ் காட்டுறது 10 தவ்வுக்கு மேல போகக் கூடாது. உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு இருந்தா அதையே பிடிங்க. நம்ம உதாரணம் தேறல.

திருத்த ரெண்டு வழி. அமெரிக்கன் எஞ்சினுக்கு ஆஃப்செட் டோவல் பின் கிடைக்குது. பிளாக்குக்குள்ள போற பாதியும் பெல்லுக்குள்ள போற பாதியும் ஒரே சென்டர்ல இருக்காது, 7, 14, 21 தவ்னு விலகியிருக்கும். நம்ம 8 தவ்வுக்கு 7 தவ் பின் போட்டு, ரெண்டு பின்னையும் ஒரே திசையில திருப்பி வச்சா மிச்சம் ஒரு தவ்தான். ஒரு பின் ஒரு பக்கமும் இன்னொண்ணு வேற பக்கமும் பார்த்தா பெல் ஏறாது, அடிச்சு ஏத்தினா காது உடையும். நாலு ஜா சக்குல வேலை தெரிஞ்ச டர்னர் இந்தப் பின்னை இங்கேயே கடைஞ்சு குடுப்பார்.

அடாப்டர் பிளேட் போடுற அம்பாசிடர்காரங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கு. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா பெரும்பாலும் தலைகீழாத்தான் செய்யறாங்க. பிளேட்டுல போல்ட் ஓட்டையோட டோவல் ஓட்டையையும் முதல்லயே போட்டுடறாங்க. அப்படி செய்யாதீங்க. போல்ட் ஓட்டையை மட்டும் போட்டுட்டு, பெல்லைப் பாதி இறுக்கத்துல மாட்டி, கேஜைப் பார்த்துக்கிட்டே செம்பு சுத்தியால தட்டித் தட்டி சென்டருக்குக் கொண்டு வாங்க. முழுசா இறுக்குங்க. திரும்ப ரீடிங் எடுங்க, இறுக்கும்போது நகர்ந்திருக்கும். சென்டர்ல நின்ன பிறகு பெல்லையும் பிளேட்டையும் சேர்த்து டிரில் பண்ணி, ரீமர் விட்டு, பின் அடிங்க. அதுக்கப்புறம் எத்தனை தடவை கழட்டினாலும் அதே இடத்துல வந்து உட்காரும்.

சென்டர் முடிஞ்சா முகத்தையும் பாருங்க. கேஜ் முனையை பெல்லோட பின் முகத்துல வச்சு சுத்துங்க. கிராங்குக்கு முன்ன பின்ன கொஞ்சம் ப்ளே உண்டு, அதனால ஒவ்வொரு ரீடிங்குக்கும் கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடிச்சுக்குங்க. முகம் சாய்ஞ்சிருந்தா பெல்லையோ பிளேட்டையோ மெஷின்ல ஃபேஸ் பண்ணிடுங்க. போல்ட் கிட்ட தகரத் துண்டு சொருகி நேராக்குற பழக்கத்துல எனக்கு உடன்பாடு இல்ல.

பாக்ஸ் ஏத்துறப்போ ஆழம் முக்கியம். பிளேட் கனம் குறைஞ்சு போச்சுன்னா கிளச் ஷாஃப்ட் நுனி கிராங்க்ல போய் முட்டி, கிராங்கையே முன்னாடி தள்ளும். கனம் கூடிட்டா நுனி பைலட் புஷ்ல பாதிதான் உட்காரும். புஷ் போடாம ஓட்டைக்குள்ள கொஞ்சம் களிமண் வச்சு ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க, எவ்வளவு போகுதுன்னு அச்சு விழும்.

கடைசியா ஏத்தும்போது பாக்ஸுக்கு அடியில ஜாக்கி இருக்கணும். பாக்ஸ் எடை கிளச் பிளேட் மேல தொங்கினா பிளேட் நடுவுல வளைஞ்சிடும். பாக்ஸ் முகமும் பெல்லும் கையாலேயே ஒட்டணும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுத்துக் கொண்டு வர்றவங்க கையைப் பிடிச்சு நிறுத்துங்க, அது உங்க வண்டியா இருந்தாலும் சரி, பக்கத்து வண்டியா இருந்தாலும் சரி.

உங்க தெருவுல பிளான்ட்டுல அலைன்மென்ட் பார்க்கிற அண்ணன் யாராவது இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறைக்குக் கூட்டிட்டு வாங்க, அவருக்கு உரிய கூலியையும் குடுங்க. எடுத்த நாலு ரீடிங்கையும், என்ன வண்டி, என்ன எஞ்சின், என்ன பாக்ஸ்ங்கிறதையும் கீழ எழுதுங்க. நான் ஒவ்வொண்ணையும் படிக்கிறேன். அடுத்து அதே கணக்கைப் போடப் போறவருக்கு அது கண்டிப்பா உதவும்.