பூச்சிகளின் பார்வை நரம்பணுக்களும் இயற்கைச் சூழலும்

பூச்சிகளின் பார்வை நரம்பணுக்கள், அவை வாழும் சூழலில் வழக்கமாகக் காணப்படும் ஒளி வேறுபாடுகளுக்கு ஏற்றவாறு அமைந்துள்ளன. ஈயின் கண்ணில் இதை அளந்து காட்டிய ஆய்வைச் சைமன் லாஃப்லின் 1981-இல் வெளியிட்டார்.

சிக்கல்

நண்பகல் வெயில், முழுநிலவின் ஒளியைவிடச் சில லட்சம் மடங்கு வலிமையானது. ஆனால் ஒரு நரம்பணுவின் மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட் அளவுக்குள்தான் மாற முடியும். அதிலும் இரைச்சல் எனப்படும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்கள் கலந்திருக்கும். எனவே மிக நெருங்கிய இரு மின்னழுத்தங்களைப் பிரித்தறிய இயலாது. இந்தச் சிறிய வீச்சை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும்.

சராசரியிலிருந்து வேறுபாடு

ஈயின் கூட்டுக்கண்ணிலுள்ள ஒளியுணர் செல்கள், லாமினா என்னும் அடுத்த அடுக்கிலுள்ள பெரிய ஒருமுனை நரம்பணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. இவை சுற்றுப்புறத்தின் சராசரி ஒளிக்குப் பழகிக்கொண்டு, அதிலிருந்து ஒளி கூடுவதையும் குறைவதையும் பெரிதாக்கிக் காட்டுகின்றன. ஓர் இலை காலையிலும் நண்பகலிலும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஒரே பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சராசரியோடு ஒப்பிட்ட வேறுபாடே பொருளை அடையாளம் காட்ட உதவுகிறது.

வீச்சைப் பங்கிடுதல்

இயற்கைக் காட்சிகளில் சிறிய வேறுபாடுகள் மிகுதி, பெரியவை அரிது. ஒரு வகுப்பில் பெரும்பாலோர் 40 முதல் 60 வரை மதிப்பெண் பெற்றிருப்பதாகக் கொள்வோம். 0 முதல் 100 வரையுள்ள மதிப்பெண்களை ஐந்து சம இடைவெளிகளாகப் பிரித்தால், அவர்கள் அனைவரும் ஒரே தரத்தில் விழுவர். ஒவ்வொரு தரத்திலும் சம எண்ணிக்கையில் மாணவர் வருமாறு எல்லைகளை வகுத்தால், அவர்களிடையே உள்ள வேறுபாடு தெரியும்.

நரம்பணுவுக்கும் இதுவே சிறந்த வழி. அடிக்கடி நிகழும் வேறுபாடுகளுக்கு மின்னழுத்த வீச்சில் பெரும்பங்கும், அரியவற்றுக்குச் சிறுபங்கும் கிடைக்க வேண்டும். லாஃப்லின் காட்டிலும் நீர்நிலைக் கரையிலும் உள்ள தாவரங்களிடையே ஒளி வேறுபாடுகளை அளந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கணக்கிட்டார். அதிலிருந்து கிடைத்த வளைகோடும், கலிஃபோரா என்னும் ஈயின் பெரிய ஒருமுனை நரம்பணுக்கள் காட்டிய துலங்கல் வளைகோடும் நெருங்கிப் பொருந்தின.

மங்கலான ஒளியில்

அருகருகே உள்ள புள்ளிகளின் ஒளி பெரும்பாலும் ஒத்திருக்கும். எனவே அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஒரு புள்ளியின் ஒளியை ஊகித்து, அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பலாம். சீனிவாசன், லாஃப்லின், டப்ஸ் ஆகியோர் 1982-இல் இக்கருத்தை விளக்கினர். ஒளி மங்கும்போது இரைச்சலின் பங்கு கூடுவதால், நம்பத்தக்க ஊகத்துக்கு மேலும் பல அண்டைப் புள்ளிகளின் சராசரி தேவைப்படுகிறது.

முக்கியத்துவம்

லாஃப்லின் கண்ட பங்கீட்டு முறையே கணினிப் படச் செயலாக்கத்திலும் படங்களைத் தெளிவாக்கப் பயன்படுகிறது. ஒரு கண்ணின் அமைப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள, அக்கண் பார்க்கும் உலகையும் அளக்க வேண்டும் என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.