‘டெஸ்டில் தெரியாது’ என்று விற்கும் பவுடர்

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஓட்டம், கரப்பந்து என்று மாகாண மட்டத்துக்குப் போகும் பிள்ளைகளின் போனிலும் உடம்பேற்றும் பவுடர் விளம்பரம் வந்து நிற்கிறது. ‘புது மருந்து, டெஸ்டில் தெரியாது’ என்பதுதான் அதில் ஆபத்தான பேச்சு.

அது 2003இலேயே பொய்த்தது. டி.எச்.ஜி. என்ற ஸ்டீரொயிட், சோதனையில் அகப்படாதபடியே தயாரிக்கப்பட்டது. அன்றைய வழக்கமான சோதனையில் மாதிரியை ஆவியாக்குவார்கள். அந்தச் சூட்டில் டி.எச்.ஜி. சிதைந்துவிடும். ஒரு பயிற்றுநர், பாவித்த ஊசி ஒன்றை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார். லொஸ் ஏஞ்சலிஸில் டொன் கற்லினின் ஆய்வுகூடம் அதில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஆராய்ந்தது. பிறகு சிறுநீரை ஆவியாக்காமல் திரவமாகவே பிரித்து நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தியது. உள்ளே மூலக்கூறு மின்னேற்றம் பெற்று உடைகிறது. ஒவ்வொரு துண்டின் நிறையும் பதிவாகிறது. அதிலிருந்து முழு மூலக்கூறும் பிடிபடுகிறது. பிரித்தானிய ஓட்டவீரர் டுவெய்ன் சேம்பர்ஸ் அப்படித்தான் அகப்பட்டு இரண்டு ஆண்டு தடைசெய்யப்பட்டார்.

இன்றைய கருவிகளில் சில, தெரிந்த பெயர்களை மட்டும் தேடுவதில்லை. மாதிரியில் தென்படும் நிறைகளையெல்லாம் பதிந்துவைக்கின்றன. நாளை ஒரு புது மருந்து தெரியவந்தால் பழைய பதிவிலேயே தேடலாம். மாதிரியை 10 ஆண்டு வரை உறையவைத்து மீண்டும் சோதிக்கவும் விதி இடம் தருகிறது. பெய்ஜிங் 2008, லண்டன் 2012 மாதிரிகளை மறுபடி சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள்.

மனிதப் பாவனைக்கு எங்கும் அனுமதி பெறாத மருந்து, தடைப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் தடைதான். கார்டரின் என்று விற்கப்படும் ஜீ.டபிள்யூ.1516இன் ஆராய்ச்சி, நச்சுத்தன்மை தெரியவந்ததால் நிறுத்தப்பட்டது. 2013இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடா விளையாட்டு வீரர்களை அதுபற்றி நேரடியாக எச்சரித்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். குத்துச்சண்டையில் நம் நாட்டுக்கு 72 ஆண்டுக்குப் பிறகு வந்த தங்கம். நண்ட்ரலோன் என்ற ஸ்டீரொயிட் தெரியவந்து பதக்கம் போனது. அதன் அன்றைய எல்லை மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம், அதாவது 10,000 லீட்டர் பவுசர் ஐம்பதில் ஒரே ஒரு கிராம். 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள்வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் மூன்று மாதம் தடைசெய்யப்பட்டார். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் தண்டனைதான்.

கருவியை நம்பினாலும் ஆய்வுகூடம் தவறலாம். 2015இல் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா ஊக்கமருந்து பாவித்ததாகச் சொன்ன முடிவை கட்டார் ஆய்வுகூடமே பின்னர் மீளப்பெற்றது. அதற்குள் 2016 இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம் அவரைக் கடந்துபோயிற்று. அவர் பின்னால் கிரிக்கெட் நிறுவனம் நின்றது, வெளிநாட்டு நிபுணர்கள் வந்தார்கள். லயத்துப் பிள்ளைக்கு யார் வருவார்? மறுசோதனைக்கென வைத்திருக்கும் பி மாதிரியைத் திறக்கும் செலவே வீட்டின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் போட்டிக் காலத்தில் தடை. வருத்தத்துக்கு மருந்தை நிறுத்தவேண்டாம். கிளினிக் கொப்பியோடு கொழும்பிலுள்ள இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம் மருத்துவ விலக்குக் கேளுங்கள். பவுடர் டப்பாவின் லேபலைப் படம் எடுத்து, வாயில் போடுவதற்கு முன்பே அவர்களிடம் காட்டுங்கள். லேபலில் எழுதாத பொருள் உள்ளே இருந்தாலும் பொறுப்பு குடித்தவருக்கே.