கடிதம் வீடு வந்து சேர

“முகவரி முழுமையாக இல்லை” என்ற குறிப்புடன் கடிதம் ஒன்று அனுப்பியவரிடமே திரும்பிச் செல்கிறது. வெறும் காகிதந்தானே என்று அதை எளிதாக எண்ணிவிட இயலுமா? அது மகனுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பாக இருக்கலாம். கடல் கடந்து வேலைக்குச் செல்ல வேண்டியவரின் கடவுச்சீட்டாக இருக்கலாம். நாள் கடந்தபின் அது கைக்கு வந்தாலும் பயன் யாது?

இத்தகைய வேளைகளில் அஞ்சற்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால், நாம் கொடுத்த முகவரியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். “அந்தோணிசாமி, மாதா கோயில் அருகில், விக்கிரவாண்டி.” இதே பெயரில் ஒரே தெருவில் மூவர் இருப்பது நம் ஊர்களில் புதுமையன்று. பல ஆண்டுகள் அத்தெருவில் நடந்த அஞ்சற்காரர் ஆளை அறிவார். அவர் ஓய்வு பெற்று, வெளியூரிலிருந்து புதியவர் வந்தால் அவர் என்ன செய்வார்? புளியமரத்தை அடையாளமாகக் குறிப்பிட்டோர் உண்டு. சாலை அகலமானது, மரம் வெட்டப்பட்டது, அடையாளமும் உடன் மறைந்தது. முகவரி என்பது நம்மை அறிந்தவருக்காக எழுதப்படுவதன்று, அறியாதவருக்காக எழுதப்படுவது. இதை உணர்ந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

நாடு முழுமைக்குமே ஒரு காலத்தில் இத்தொல்லை இருந்தது. ஒரே பெயருள்ள ஊர்கள் பல. முகவரி எழுதப்படும் மொழிகளும் பல. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சற் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக விளங்கிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் சமஸ்கிருதப் புலவரும் ஆவார்.

விக்கிரவாண்டி அஞ்சலகத்தின் எண் 605652. முதல் இலக்கமாகிய 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி முதலியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரித்தனுப்பும் வட்டாரத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். விழுப்புரத்தின் எண் 605602. ஐந்தாம் இலக்கம் ஒன்றே வேறுபாடு! அதைத் தவறாக எழுதினால் கடிதம் விழுப்புரத்திற்குச் சென்று காத்திருக்கும். சுற்றுச் சிற்றூர்களில் வாழ்வோர், தமக்குரிய எண் எதுவெனத் தம் அஞ்சலகத்திலேயே கேட்டறிவது நன்று.

தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவாயிற்று. ஆயினும் பழைய மாவட்டப் பெயரையே எழுதுவோர் இன்றும் உளர். குறியீட்டு எண்ணோ மாவட்ட எல்லையைப் பொறுத்ததன்று. புதுச்சேரிக்கும் விக்கிரவாண்டிக்கும் முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றாயிருப்பதே இதற்குச் சான்று.

இனி, குடும்பத்தார் செய்யத்தக்கவை யாவை? பெயருடன் தந்தை அல்லது கணவர் பெயரையும் எழுதுங்கள். வீட்டு வரி ரசீதில் உள்ள கதவு எண்ணையே பயன்படுத்துங்கள். பழைய எண், புதிய எண் என இரண்டிருப்பின், இன்னது பழையது, இன்னது புதியது எனத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தெரு, சிற்றூர், அஞ்சலகம், வட்டம், மாவட்டம், குறியீட்டு எண் என்ற வரிசை மாறாதிருக்கட்டும். வாயிலில் பெயரும் எண்ணும் பொறித்த பலகை ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் முகவரி பிழையாக இருந்தால் உடனே திருத்துங்கள். ஓரிடத்துப் பிழை பல இடங்களுக்குப் பரவும்.

ஊருக்கு வெளியே கழனியில் வீடு கட்டியிருப்போர், சாலையோரக் கடைக்காரர் அல்லது உறவினரின் இசைவு பெற்று, “மே/பா” என அவர் முகவரியைத் தரலாம். வீடு மாறுவோர் புதிய முகவரியை அஞ்சலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடிதம் அனுப்புவோர் தம் முகவரியையும் உறையில் எழுதினால், சேராத கடிதம் திரும்பவாவது வரும்.

அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் “டிஜிபின்” என்னும் பத்து எழுத்தெண் குறியீட்டை வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஒவ்வோர் இடத்திற்கும் தனிக் குறியீடு அமைந்துள்ளது. தெருப் பெயரில்லாத கழனி வீட்டிற்கும் இது உண்டு. எனினும் இது முகவரிக்குத் துணையே அன்றி மாற்றன்று.

இவ்வாரமே வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து, முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பையிலும் ஒரு படி இருக்கட்டும். பின்னர், அஞ்சற்காரர் வரும் வேளையில் அதை அவரிடம் காட்டி, “ஐயா, இது போதுமா?” என்று கேளுங்கள். வெயிலிலும் மழையிலும் நம் வீட்டைத் தேடி வருபவர் அவரே அன்றோ!