கொல்லையில் சாரை குடியிருக்கிறதா? கொடுத்துவைத்தவர் நீங்கள்!

கற்பிட்டியிலோ உடப்பிலோ சிலாபத்திலோ நாலு தென்னை நிற்கும் வளவு உங்களுக்கு இருக்கிறதா? அப்படியானால் வாடகை தராத குடித்தனக்காரர் ஒருவரும் அங்கே இருக்கக்கூடும். பகல் பத்து மணி வெயிலில் பொச்சுக் குவியலிலிருந்து புறப்பட்டு, கிணற்றடியைத் தாண்டி, கிடுகு வேலிக்குள் சர்ரென்று மறைகிற அந்த ஆறடி ஆசாமியைத்தான் சொல்கிறோம். உடனே "பாம்பு! பாம்பு!" என்று வீடே கிடுகிடுக்கும், ஆளாளுக்குத் தடி தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்! இலங்கையில் நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்குமே இல்லை. தரையில் ஊர்வனவற்றுள் ஆளைக் கொல்லக்கூடியவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. புத்தளக் கரையோர வளவு ஒன்றைச் சுற்றி வந்தால் என்னென்ன அதிசயங்கள் கிடைக்கும் தெரியுமா?

சாரைக்கு ஒரு சொட்டு நஞ்சும் கிடையாது, தெரியுமா?

குருநாகல், புத்தளம், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிலையமே 1929 முதல் இயங்கிவருகிறது, அது இருப்பதும் புத்தளம் மாவட்டத்து லுணுவிலவில்தான். அந்தத் தென்னைக்கு ஓர் எதிரி எலி. வட்டுக்குள் ஏறிக் குரும்பையைக் குடைந்துவிடும். காலையில் மரத்தடியில் ஓட்டை விழுந்த குரும்பைகள் கிடக்கும். எலி புகும் வளைக்குள்ளேயே புகுந்து, எலி ஏறும் மரத்திலேயே ஏறிப் பிடிக்கிற வேட்டைக்காரர் யார்? நம்ம சாரை! மலைப்பாம்பைப் போல் சுற்றி நெரிக்கும் வழக்கம் இதற்கில்லை. வாயால் கவ்வி, உடம்பால் தரையோடோ வளைச் சுவரோடோ அமுக்கி, அப்படியே விழுங்கிவிடும்.

எலி கெடுப்பது தேங்காயை மட்டுமா? 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பரவியபோது 7,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. கொல்லையில் எலியைக் குறைக்கும் எவரும் நமக்கு வேண்டியவர்தானே!

உதட்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம், தெரியுமா?

சாரையை மறித்துவிட்டால் ஒரு நாடகம் ஆடும் பாருங்கள்! கழுத்தை உப்பவைக்கும், தலையைத் தூக்கும், "உர்ர்ர்" என்று உறுமக்கூடச் செய்யும். நாகம் என்று நாம் நடுங்குவது இந்த இடத்தில்தான். ஆனால் நாகம் படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும், சாரையோ கழுத்தை மேலும் கீழுமாகத்தான் உப்பும். தூர நின்றே தலையைக் கவனியுங்கள். மேலுதட்டுச் செதில்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மையால் கோடு இழுத்தது போன்ற கறுப்பு விளிம்பு. பெரிய, வட்டமான கண். தலைக்குப் பின்னால் மெலிந்த கழுத்து. உடம்பின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புப் பட்டைகள். இத்தனையும் இருந்தால் அது சாரை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு! கடித்தால் ஆளைக் கொல்லக்கூடிய நாகத்தை இங்கே பலர் அடிப்பதில்லை. சைவர்களுக்கு அது தெய்வம், நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலே இருக்கிறது. பௌத்த வீடுகளில் இறந்த உறவினர் காவலுக்கு வந்திருக்கிறார் என்ற நம்பிக்கையும் உண்டு. ஒன்றும் செய்யாத சாரைக்குத்தான் தடியடி!

சாரையும் நாகமும் பிணைவதே இல்லை, தெரியுமா?

இரண்டு பாம்புகள் முறுக்கிய கயிறாக எழுந்து நின்று ஆடுவதைப் பார்த்தவர்கள், "சாரையும் நல்லபாம்பும் பிணையுது" என்று சத்தியமே செய்வார்கள். ஆடுவது இரண்டும் சாரை, அதிலும் இரண்டும் ஆண்! பெண்ணுக்கான போட்டியில் ஒன்றையொன்று தரையில் சாய்க்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. கடியில்லை, இரத்தமில்லை, தோற்றவர் வந்த வழியே போய்விடுவார்.

பசுவின் மடியில் பாம்பு பால் குடிக்காது, தெரியுமா?

சாரை மாட்டின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு பாலைக் குடித்துவிடும் என்ற கதை எத்தனை தலைமுறையாக ஓடுகிறது! பாம்பின் வாயால் உறிஞ்சிப் பால் குடிக்கவே முடியாது. உட்புறம் வளைந்த ஊசிப் பற்கள் மடியில் பட்டால் எந்தப் பசு சும்மா நிற்கும்? மாட்டுத் தொழுவத்துக்குச் சாரை வருவது தவிட்டுக்கு வரும் எலியைத் தேடித்தான். வாலால் அடித்தால் நஞ்சு ஏறும் என்பதும் வெறுங்கதை.

உங்கள் பூச்சாடிக்குள் ஆண்களே இல்லாத ஓர் இனம் வாழலாம், தெரியுமா?

செம்பரத்தைச் சாடியைக் கிளறும்போது மண்புழு போல ஒன்று நெளிகிறதா? பளபளப்பாக, கறுப்பாக, ஒரு சாணைவிடச் சிறிதாக? அது புழுப்பாம்பாக இருக்கலாம்! கண்கள் இரண்டு புள்ளிகள் மட்டுமே. எறும்பு முட்டையும் கறையானும் சாப்பாடு. மூச்சை நிறுத்தும் செய்தி இனித்தான்: இந்த இனத்தில் இருப்பதெல்லாம் பெண்களே! ஆண் துணையில்லாமலே முட்டையிடும், பிறப்பவையும் பெண்களே. ஒன்றே ஒன்று போதும், ஒரு புதிய நாட்டில் பரம்பரை தொடங்கிவிடும். அப்படித்தான் பூச்சாடி மண்ணோடு கப்பலேறி, பாம்புகளிலேயே அதிக நாடுகளில் குடியேறிவிட்ட இனங்களில் ஒன்றாகிவிட்டது.

கொம்பேறி மூக்கன் சுடலைக்குப் போய்ப் பார்ப்பதில்லை, தெரியுமா?

கடித்த ஆள் செத்தாரா என்று மரத்தில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்க்குமாம்! இந்தப் பழியைச் சுமப்பது விரல் பருமன்கூட இல்லாத, முதுகில் வெண்கல நிறம் ஓடுகிற, தென்னோலைக்கும் கிடுகுக் கூரைக்கும் இடையே தாவித் திரிகிற ஓர் அப்பாவி. நஞ்சே கிடையாது. மரத்தில் ஏறுவது பல்லிக்கும் ஓணானுக்கும்தான். பக்கத்துக் கொடியில் தொங்கும் பச்சைப்பாம்பும் கண்ணைக் கொத்தாது. அதன் கண்மணி படுக்கை வாட்டில் திறவுகோல் துவாரம் போலிருக்கும், இரண்டு கண்ணாலும் ஒரே இலக்கைக் குறிபார்க்கும். ஆனால் குறி நம் கண்மீதல்ல, ஓணான்மீது!

ஒரே மணலில் ஒரே சட்டை போட்ட இருவர், தெரியுமா?

இங்கேதான் கவனம் வேண்டும்! கரையோர மணலில் மண்ணுளிப் பாம்பு புதைந்து கிடக்கும். தடித்த உடம்பு, பழுப்புத் திட்டுகள், குட்டை வால். நஞ்சில்லை. அதே தடிமன், அதே பழுப்பு நிறத்தில் கண்ணாடிப் புடையனும் கிடக்கும். இதற்குத் திட்டுகள் சங்கிலிக் கோர்வையாக வரிசை கட்டும், தலை முக்கோணம், சீறல் பிரஷர் குக்கர் விசில்! முட்டையிடாது, குட்டி போடும், ஓர் ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் சாதாரணம். இதன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். இலங்கைப் புடையன் கடித்தால் கண்ணிமையும் தொங்கிவிடுவதுண்டு. வறண்ட கரையோரத்தில் சுருட்டை விரியனும் உண்டு. ஒரு முழம்கூட வராது, ஆனால் உடம்புச் செதில்களை ஒன்றோடொன்று உரசி எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சத்தம் எழுப்பும். இவற்றை இனம் பிரித்துப் பார்க்கக் கிட்டப் போகவேண்டாம். மணல் நிறத்தில் தடித்த குட்டைப் பாம்பு என்றால் விலகிவிடுவதே புத்தி.

பாம்புக்குக் கால் உண்டு, தெரியுமா?

பாம்பின் கால் பாம்பறியும் என்றார்கள் நம் முன்னோர். வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பின் வயிற்றில் பின்பக்கம் இரு மருங்கிலும் சின்னஞ்சிறு நகங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் இருந்த பின்னங்கால்களின் மிச்சம் அவை! மாவட்டத்தின் வடக்கில் 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்துக் காட்டிலும் அதன் விளிம்பு ஊர்களிலும் இவை வாழ்கின்றன. பெண் வெங்கிணாந்தி முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுங்கவைத்துத் தன் உடம்புச் சூட்டையே கூட்டி அடைகாக்கும். குளிர்இரத்தப் பிராணி என்று யார் சொன்னது!

கடலில் வாழும் பாம்பு கடல்நீரைக் குடிப்பதில்லை, தெரியுமா?

வேலி தாண்டினால் களப்பு, களப்பைத் தாண்டினால் கடல். அங்கும் பாம்புகள்தான்! துடுப்பு போலத் தட்டையான வால், நீரில் மூடிக்கொள்ளும் மூக்குத் துவாரம். வலைக்கடியன் என்று தமிழ் மீனவர் சொல்லும் கடற்பாம்பு வலையோடு மேலே வரும். அதன் நஞ்சு தசையையே கரைக்கவல்லது. இவ்வளவு தண்ணீர் நடுவிலும் இவற்றுக்குத் தாகம்! மழை பெய்யும்போது கடல்மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கும் அல்லவா? மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு அதைத்தான் குடிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். மழை வரும்வரை மாதக்கணக்கில் தாகத்தோடே காத்திருக்குமாம்!

கீரிக்குப் பச்சிலை தெரியாது, தெரியுமா?

பாம்போடு சண்டை போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடி மூலிகை தின்னுமாம் கீரி! மருந்து வெளியில் இல்லை, உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நரம்பிலிருந்து வரும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் வாசலில்தான் நாக நஞ்சு வந்து ஒட்டும். எகிப்தியக் கீரியிடம் அந்த வாசலின் அமைப்பே மாறியிருக்கிறது, நஞ்சுக்கு ஒட்ட இடமில்லை என்று 1992இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

புத்தளத்தில் ஏற்றும் மருந்து, மாமல்லபுரத்துப் பக்கம் தொடங்குகிறது, தெரியுமா?

இலங்கை முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2016இல் வெளியானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுகிறார்கள், 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகிறது, 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள்! அவர்களைக் காக்கும் நச்சுமுறி மருந்து பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. இந்தியாவில் இம்மருந்து செய்வோருக்கு நஞ்சு கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர் பழங்குடியினர்! பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நான்கு முறை நஞ்சு எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மருந்து செய்வோர் அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு குறை: நாகம், புடையன், கட்டு விரியன், சுருட்டை ஆகிய நான்குக்குத்தான் இந்த மருந்து. கடற்பாம்புக்கு வேலை செய்யாது.

நுளம்பு வலை பாம்பையும் தடுக்கும், தெரியுமா?

எல்லாரையும்விடப் பொல்லாதவர் இரவில்தான் வருவார். கட்டு விரியன்! மினுங்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பலருக்கு வலியே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்புவார், கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சே சிரமம். பல்லி தின்ன வீட்டுக்குள் வரும் நஞ்சில்லாத இன்னொரு வளையப் பாம்பும் இதே தோற்றந்தான், ஆகவே வீட்டுக்குள் வளையப் பாம்பு என்றால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நுளம்பு வலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று நேபாளத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016இல் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டுவிட்டதென்று வலையை மடித்து வைத்துவிடாதீர்கள்!

சேர்ந்து வாழ அஞ்சே அஞ்சு வழிகள்!

1. பொச்சும் ஓலையும் மட்டையும் வீட்டை ஒட்டிக் குவியவேண்டாம். வளவின் கோடியில் குவியட்டும், சாரைக்கு அங்கே வீடு, நமக்கு இங்கே வீடு.

2. கோழித்தீனும் அரிசியும் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலி வந்தால் சாரை மட்டுமா வரும், புடையனும் வரும். தீனியை மூடி வையுங்கள்.

3. சாரையைப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விடாதீர்கள். இடம் மாற்றிய பாம்புகள் வழி தெரியாமல் அலைந்து கூடுதலாகச் சாகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நாகமோ புடையனோ வீட்டுக்குள் புகுந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, பிடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

4. எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம்.

5. இருட்டிய பிறகு கிணற்றடிக்கோ கழிப்பறைக்கோ போகும்போது காலில் செருப்பு, கையில் டோர்ச். பாம்புக்காகத் தடி வாங்கி வைத்திருக்கிறீர்களா? அந்தக் காசில் பற்றரி வாங்கியிருக்கலாம்!