அசைலம் கிடைத்த திகதி என்ன?

யாராவது படிவக் கட்டோடு வந்து என் முன்னால் இருந்தால் நான் முதலில் கேட்பது பெயரையோ வருமானத்தையோ அல்ல. “அசைலம் கிடைச்ச திகதி என்ன?” என்றுதான் கேட்பேன். யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவள் நான். இப்போது நியூயோர்க் குயீன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். லோயர் செய்யும் வேலை இதில்லை. லோயர் கேஸை வென்று கொடுத்துவிட்டுப் போன பிறகு தொடங்கும் வேலை.

அமெரிக்கச் சட்டத்தில் அகதி என்பவர் வெளிநாட்டில் இருக்கும்போதே ஏற்றுக்கொள்ளப்பட்டு வருபவர். அசைலம் என்பது இங்கே வந்து இறங்கிய பிறகு கேட்டு வாங்குவது. என்னிடம் வருபவர்கள் அநேகமாக இரண்டாவது வகை. கேஸ் இழுபடும் காலத்தில் மத்திய அரசின் உதவி பெரும்பாலும் இல்லை. கிடைத்த அன்றிலிருந்துதான் கதவுகள் திறக்கும். சில கதவுகள் திறந்த கையோடு மூடவும் தொடங்கிவிடும்.

அகதிகளுக்கான ஆரம்பப் பண உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கு முன்பு அது 12 மாதம். 2025 மே 5 முதல் தகுதி பெற்றவர்களுக்கு 4 மாதம் மட்டுமே. அந்த நாலு மாதமும் விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல, அசைலம் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். நீதிமன்றத்தில் வென்ற சந்தோஷத்தில் கோவிலுக்கும் போய், சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லி, ஆறு மாதம் கழித்து ஆறுதலாக வருபவருக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வயது போனவர்களுக்குப் பெரிய விஷயம் எஸ்.எஸ்.ஐ. 65 வயதைத் தாண்டிய அல்லது அங்கவீனமான, கையில் காசில்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் மாதாமாதம் தரும் பணம். 2026இல் தனி ஆளுக்கு மத்திய அரசின் முழுத் தொகை 994 டொலர். இது அசைலம் பெற்றவருக்கு ஏழு வருடம்தான். நடுவில் நிரந்தர வதிவிட அட்டையான கிரீன் காட் வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடங்காது. காட்டிலுள்ள திகதிக்கும் இந்த ஏழு வருடத்துக்கும் சம்பந்தமில்லை.

பருத்தித்துறை ஐயா ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். 2019 மார்ச்சில் அசைலம். ஒரு வருடம் இங்கே இருந்த பிறகுதான் கிரீன் காட் கேட்கலாம் என்பதால் 2020இல் விண்ணப்பித்தார். அது கைக்கு வந்தது 2022 நவம்பரில். அசைலம் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் பின்தள்ளித் திகதி போடுவார்கள், ஆகவே 2021 நவம்பர் என்று அச்சடித்திருந்தது. குடியுரிமைக்கு அதிலிருந்து ஐந்து வருடம்: 2026 நவம்பர். எஸ்.எஸ்.ஐ.யின் ஏழு வருடமோ 2026 மார்ச்சிலேயே முடிகிறது. அவர் எதிலும் சுணங்கவில்லை. அகதியாக வந்திருந்தால் காட்டின் திகதி வந்து இறங்கிய நாளுக்கே போயிருக்கும். இரண்டு வருட இடைவெளி கையிலிருந்திருக்கும்.

“என்ரை மகன் இவ்வளவு வருசமா வேலை செய்து வரி கட்டுறான்தானே பிள்ளை, அதைக் காட்டேலாதோ?” என்று கேட்டார்.

“மகன்ர வேலை உங்கட கணக்கில சேராது ஐயா.”

கிரீன் காட்டோடு ஏழு வருடத்துக்குப் பிறகும் எஸ்.எஸ்.ஐ. தொடர வேண்டுமென்றால் 40 காலாண்டு வேலைக் கணக்கு வேண்டும். வருடத்துக்கு நாலுக்கு மேல் சேராது, ஆகவே குறைந்தது பத்து வருட உழைப்பு. புருஷன் பெண்சாதியின் காலாண்டுகளைச் சேர்க்கலாம். சின்ன வயதில் தாய் தகப்பன் உழைத்ததையும் சேர்க்கலாம். தாய் தகப்பனுக்காகப் பிள்ளை உழைத்ததை மட்டும் சேர்க்க முடியாது. இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் எனக்கு மிகவும் கஷ்டம்.

இந்த எஸ்.எஸ்.ஐ. வருடக் கெடுவைப் போட்டது 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம். முதலில் ஐந்து வருடம் என்றிருந்தது, அடுத்த வருடமே ஏழாக்கினார்கள். அதற்குள் ஒருவர் குடியுரிமை எடுத்துவிடலாம் என்ற கணிப்பு. ஆனால் அந்தக் காலத்தில் அசைலம் பெற்றவர்களில் வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் கிரீன் காட் என்று அதே அரசு உச்சவரம்பும் வைத்திருந்தது! அது 2005இல்தான் நீங்கியது. 2008இல் இன்னும் இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சலுகை 2011 செப்டெம்பர் 30உடன் முடிந்துவிட்டது.

2025 ஜூலை 4இல் வந்த சட்டம் கிரீன் காட்டின் பெறுமதியை இன்னும் ஏற்றிவிட்டது. அதுவரை அகதிக்கும் அசைலம் பெற்றவருக்கும் ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி அந்த அந்தஸ்தை வைத்தே கிடைத்தது. இப்போது கிரீன் காட் வரும்வரை இல்லை. வந்தபின் மற்றக் குடிவரவாளர்களைப் போல ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே கேட்கலாம். மத்திய அரசின் மருத்துவ உதவியான மெடிக்கெயிட்டுக்கு இதேமாதிரிக் கட்டுப்பாடு 2026 ஒக்டோபர் 1 முதல் என்றும், மருத்துவக் காப்புறுதிச் சந்தையின் வரிச் சலுகைக்கு 2027 ஜனவரி முதல் என்றும் சட்டம் சொல்கிறது. நியூயோர்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு: சட்டபூர்வமாக வாழும் குடிவரவாளருக்கு மாநிலத்தின் மெடிக்கெயிட்டை மறுக்க முடியாதென்று 2001இல் மாநில உச்ச மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் இது பொருந்தாது.

கிரீன் காட் இவ்வளவு முக்கியமாகிவிட்ட வேளையில்தான், 2021 ஜனவரி 20 முதல் அகதிகளாக வந்தவர்களின் கோப்புகளை மீளாய்வு செய்யும்படியும் அவர்களது கிரீன் காட் விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கும்படியும் 2025 நவம்பரில் குடிவரவுத் துறை உத்தரவு போட்டது. காட் இருந்தால்தான் சாப்பாடு என்று ஒரு கை எழுதுகிறது, காட்டைத் தராதே என்று மற்றக் கை எழுதுகிறது. கச்சேரியில் நான் பார்த்த எந்தக் கோப்பிலும் இப்படியொரு சிக்கல் இருந்ததில்லை.

எங்கட ஆக்களிடையே இன்னொரு பயமும் உண்டு: அரசாங்கக் காசு வாங்கினால் கிரீன் காட் தரமாட்டார்கள் என்பது. அகதிக்கும் அசைலம் பெற்றவருக்கும் அந்த ‘அரசுக்குச் சுமை’ விதியிலிருந்து சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. இந்தப் பயத்தில் வைத்தியரிடம்கூடப் போகாமல் இருந்த அம்மாக்களைக் கண்டிருக்கிறேன்.

ஐயாவுக்கு வருகிறேன். காசு நின்றது நின்றதுதான். ஆனால் ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாளைக்கு முன்பே குடியுரிமை விண்ணப்பத்தைப் போடலாம். 2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கேள்விப் பட்டியல் 128. அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 50 வயதும் காட்டோடு 20 வருடமும் ஆனவருக்கு ஆங்கிலம் வேண்டாம் என்ற சலுகை இவருக்கு எதற்கு, 20 வருடத்துக்கு எங்கே போவது? ஞாபகமறதி போன்ற நோய் இருந்தால் வைத்தியர் நிரப்பிக் கொடுக்கும் விலக்குப் படிவம் உண்டு. அதைச் சொன்னதும் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பாடம் எடுத்த வாத்தியார் அவர். குடியுரிமை கிடைத்த பிறகு எஸ்.எஸ்.ஐ.க்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அப்போது வருடக் கெடு எதுவும் இல்லை. அதுவரைக்கும் மாநிலத்தின் பண உதவிக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தொகை குறைவு. அசைலம் தீர்ப்பின் பிரதியை மட்டும் மகன் வீட்டு அலுமாரியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.