நாய்க்கு ஒரு மணி... வீட்டுக்காரருக்கு இருபத்து மூணு மணி!

"ஸார் என்ன தொழில் பண்றீங்க?"

"நாய்களுக்கு டிரெயினிங் கொடுக்கறேன்."

"அடடே! அப்படியே எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுங்களேன்..."

இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்யாண வீடு, சலூன், ரேஷன் கடை க்யூ என்று எங்கே போனாலும் இதே ஜோக்தான். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிற மாதிரி சிரித்து வைப்பது தொழில் தர்மம். ஆனால், நிஜத்தைச் சொல்லட்டுமா? அவர்கள் தமாஷாகக் கேட்பதைத்தான் நான் சீரியஸாகச் செய்துகொண்டிருக்கிறேன். என் ஒரு மணி நேர வகுப்பில் நாய்க்குப் பத்து நிமிஷம் போதும். மிச்ச ஐம்பது நிமிஷமும் வீட்டில் இருப்பவர்களுக்கு! நான் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிய பிறகு, பாக்கி இருபத்து மூணு மணி நேரமும் அதற்கு வாத்தியார் அவர்கள்தானே?

காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தே காலுக்கு முதல் வகுப்பு. "கொஞ்சம் லேட்டா, ஒரு ஒன்பது மணிக்கு வரக்கூடாதா?" என்று கொட்டாவி விட்டபடி கேட்பவர்களிடம், "உங்க புறங்கையைத் தார் ரோட்டுல வெச்சு ஏழு எண்ணுங்க, பார்க்கலாம்" என்பேன். கை தாங்காவிட்டால் அதன் காலும் தாங்காது. நமக்குச் செருப்பு இருக்கிறது. நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்கவும் வியர்க்காது. பாதத்தில் லேசாகக் கசியும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். பக் மாதிரி மூக்கு சப்பையான ஜாதிகளுக்கு அந்த இரைப்பும் ஒழுங்காக வராது. பனியில் வண்டி இழுப்பதற்கென்றே பிறந்த சைபீரியன் ஹஸ்கியை மூணாவது மாடியில் ஏ.ஸி. போட்டு வளர்க்கிறார் என் கஸ்டமர் ஒருவர். கரண்ட் போனால் நாயைத் தூக்கிக்கொண்டு கார் ஏ.ஸி.க்கு ஓடுவார். (மின்வாரிய ஆபீஸில் அவர் 'ஹலோ' சொன்னாலே அடையாளம் கண்டுகொள்கிறார்களாம்!)

என் ஆயுதம், சட்டைப் பையில் இருக்கும் வேகவைத்த கோழி ஈரல். சுண்டு விரல் நகம் சைஸுக்கு நறுக்கி எடுத்துப் போவேன். என் சட்டைகளை வீட்டில் தனி பக்கெட்டில்தான் ஊற வைப்பார்கள். பஸ்ஸில் பக்கத்து ஸீட் சீக்கிரம் காலியாகிவிடும் என்பது ஒரு சௌகரியம்.

'உட்கார்' சொல்லிக் கொடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஈரலை நாயின் மூக்குக்கு நேரே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே, பின்பக்கமாக நகர்த்த வேண்டும். பார்வை மேலே போகப் போக, பின்புறம் தன்னால் தரையைத் தொடும். தொட்ட அந்த நொடியே "குட்!"... உடனே ஈரல். மூணு நொடி தாமதித்தால் போச்சு. அதற்குள் அது எழுந்து நின்றிருக்கும். எழுந்து நின்றதற்குத்தான் கூலி என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

கஷ்டமெல்லாம் இதற்கப்புறம்தான். அப்பா "ஸிட்" என்பார். பையன் "டவுன்" என்பான். அம்மா, "ஏய், உக்காருன்னா உக்கார மாட்டே? எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரு பாராவே பேசுவார். நாய் மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "மக்கு நாய் ஸார்" என்று என்னிடம் புகார்!

மாம்பலத்தில் ஒரு வீடு. நாயைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று சொல்லும் பாட்டி. லாப்ரடார் குட்டி யார் சொல்லையும் கேட்பதில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பாட்டி சமையலறை வாசலில் நின்று "அங்கேயே இரு" என்றால் அந்தக் குட்டி கோடு கிழித்த மாதிரி நிற்கிறது! ஒரே வார்த்தை, ஒரே தொனி, ஒரே இடம். நின்றால் ஒரு துண்டு தேங்காய்; தாண்டினால் ஒன்றும் கிடையாது. அடியும் இல்லை, திட்டும் இல்லை. நான் வாங்கிய ஃபீஸில் பாதி நியாயமாகப் பாட்டிக்குச் சேர வேண்டும்.

'நாய்க்கு நாமதான் பாஸ்னு காட்டணும். அடிச்சாத்தான் அடங்கும்' என்று இன்றைக்கும் பல பேர் நம்புகிறார்கள். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் பரவிய கருத்து இது. ஒன்றை ஒன்று கடித்து அடக்குகிறது, ஜெயிப்பதுதான் தலைவன் என்றார். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக்கும் 1970-ல் தன் புத்தகத்தில் அதையே எழுதினார். அப்புறம் வருஷக்கணக்காகக் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-ல் அவரே மறுத்து எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அநேகமாக ஒரு குடும்பம். 'தலைவன், தலைவி' என்பதெல்லாம் வேறு யாரும் இல்லை, அப்பாவும் அம்மாவும்தான்! சம்பந்தமே இல்லாத பத்துப் பேரை ஒரே ஒண்டுக்குடித்தனத்தில் பூட்டி வைத்தால் தண்ணீர்க் குழாயடியில் என்ன நடக்கும்? அதைப் பார்த்துவிட்டு மனுஷ குணமே இதுதான் என்று எழுதினால் எப்படி?

"ஆபீஸ்லேருந்து வந்து பார்த்தா கார்ப்பெட்ல ஒண்ணுக்குப் போயிருக்கு ஸார். தப்புன்னு அதுக்கே தெரியுது. மூஞ்சியைப் பாருங்க, முழிக்குது!" இதுவும் வாரத்துக்கு ஒரு தடவை வரும் புகார். 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இந்த 'திருட்டு முழி'யைச் சோதித்துப் பார்த்தார். தப்புப் பண்ணிய நாயா, பண்ணாத நாயா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை. எஜமானர் திட்டினால், ஒரு பாவமும் அறியாத நாயும் அப்படித்தான் முழித்தது. காலையில் போனதற்குச் சாயங்காலம் அடித்தால், 'இவர் வீட்டுக்கு வந்தாலே அடி விழும்' என்பது மட்டும்தான் அதற்கு விளங்கும்.

என் உடம்பில் பதினோரு தழும்புகள் இருக்கின்றன. ராட்வைலர் கணக்கில் ஒன்று. அல்சேஷன் இரண்டு. பாக்கி அத்தனையும் பாமரேனியனும் டேஷண்டும் உபயம்! "குட்டி நாய்தானே, என்ன செய்துவிடும்?" என்று யாரும் அவற்றுக்கு எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடி பட்டால் நான் முதலில் தேடுவது குழாயையும் சோப்பையும்தான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் குறித்துத் தரும் தேதிகளில் ஒன்றுகூடத் தவறாமல் ஊசி. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். 'நம்ம வீட்டுக் குட்டிதானே கீறிச்சு' என்று விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2024 மே மாசம், ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் குதறிய செய்தி வந்தது ஞாபகமிருக்கும். அந்த வாரம் என் போன் ஓயவில்லை. பாதிப் பேர், "ஸார், எங்க நாயை எங்கயாவது அனுப்பிடணும்" என்றார்கள்.

அதில் ஒருவர், புறநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு ரிடையர் ஆனவர். மூன்று வயசு ராட்வைலர், ஆண். நாள் முழுக்க மொட்டை மாடியில் சங்கிலி. கீழே ஏழு வயசுப் பேத்தி. "சாப்பாட்டுத் தட்டுக்கிட்ட குழந்தை போனா உறுமுது. அதுக்காகப் பெல்ட்டால அடிச்சோம். இப்பல்லாம் உறுமறதில்லே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உறுமல் என்பது நாய் அடிக்கும் மணி, ஐயா! 'பக்கத்தில் வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அது மரியாதையாகச் சொல்லும் முறை. அடித்து மணியைக் கழற்றிவிட்டால் பயம் போய்விடுமா? அடுத்த தடவை மணியே அடிக்காமல் நேராகப் பல்தான். அந்த வீட்டில் கடி விழ வேண்டிய நாள் ரொம்ப தூரத்தில் இல்லை.

"நீங்க டிரெயினிங் கொடுத்தா, இனிமே கடிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன் ஸார். எந்த நாய்க்கும் யாரும் அப்படி எழுதித் தர முடியாது. தந்தா அவரை நம்பாதீங்க."

வாசலோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷர் யோசித்துவிட்டு, "சரி, என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்கே மாடிப்படிக் கீழே கம்பிக் கதவு போடச் சொன்னேன். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் குழந்தையும் நாயும் ஒரே அறையில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. சாப்பாடு கதவுக்கு அந்தப் பக்கம். சாப்பிடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது. வெளியே போனால், மாட்டுக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி வாய்க்கூடு. அதையும் ஒரேயடியாக மாட்டவில்லை. கூட்டுக்குள் ஈரல் வைத்து, அதுவாக மூக்கை நுழைக்கிற வரைக்கும் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடை. அடி கிடையவே கிடையாது.

நாலு மாசம் ஆயிற்று. தட்டுக்குப் பத்தடி தள்ளி ஆள் நடந்தாலே விறைத்த நாய், பெரியவர் பக்கத்தில் வந்து இன்னும் ரெண்டு துண்டு போடுவார் என்று வாலை ஆட்ட ஆரம்பித்தது. நாய்க்கு எடை குறைந்தது. பெரியவருக்குச் சர்க்கரை குறைந்தது! கம்பிக் கதவு மட்டும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. "எடுத்துடலாமா?" என்று ரெண்டு தடவை கேட்டார். கூடாது என்று ரெண்டு தடவையும் சொல்லிவிட்டேன்.

எல்லா வீடும் அப்படி இல்லை. இன்னொருவர் தன் நாயைப் பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளைக் கார் வரும்போதும் எழுந்து நின்றது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமோ? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஹோட்டலில் ரெண்டு காபிக்குக் காணாது. அந்த நாயை இப்போது டீக்கடைக்காரரே வைத்துக்கொண்டிருக்கிறார்.

மைக்ரோசிப் வந்ததில் எனக்கு சந்தோஷம் இதனால்தான். அரிசி மணி அளவு; தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிடுவார்கள். பதினைந்து இலக்க நம்பர். ரீடரைக் காட்டினால் எஜமானர் யாரென்று பதிவேட்டில் பார்த்துச் சொல்லிவிடலாம். 2025 கடைசியில், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்ததும் முகாம்களில் க்யூ நின்றது பாருங்கள்! லைசென்ஸ் கட்டணம் என்னவோ ஐம்பது ரூபாய்தான். ரேபிஸ் ஊசி போட்ட சர்டிஃபிகேட் கையில் இல்லாமல் வந்து, நாயோடு திரும்பிப் போனவர்களில் என் கஸ்டமர்கள் மூணு பேர்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் வாங்கின பிறகுதான் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். முன்னாலேயே பண்ணினால் தேவலை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ம் வருஷ விதி இருக்கிறது. தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். அதே போல, மூணு வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைக்கும் அது எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதெல்லாம் அதற்கு 'நம்ம ஊர் சமாசாரம்'. குக்கர் விசில், குடை, ஹெல்மெட் போட்ட கூரியர்காரர், தவழும் குழந்தை... எல்லாவற்றையும் அப்போதே அறிமுகம் செய்து வைத்துவிட வேண்டும். சிப்பிப்பாறை கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால், முயலைத் துரத்தப் பிறந்த ஜாதியை ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் வைத்தால் அது உங்கள் சோபாவைத்தான் வேட்டையாடும். ஓட விட இடமில்லையா? தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளர்த்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருப்பதில் ரொம்ப மூத்தது, பதிமூன்று வயசு ஸ்பிட்ஸ். காது சுத்தமாகக் கேட்கவில்லை. கூப்பிட்டால் வரவில்லையே என்று வீட்டு அம்மா அழுதுவிட்டார். வராண்டா விளக்கை ரெண்டு தடவை அணைத்துப் போடுவது, உடனே ஈரல். இவ்வளவுதான் பாடம். ஒன்பது நாளில் பிடித்துக்கொண்டது. நேற்றைக்கு அந்தப் பகுதியில் கரண்ட் கட். பேரன் டார்ச்சை எடுத்து வந்து ரெண்டு தடவை மினுக்கினான். தோட்டத்து மூலையிலிருந்து ஆடி ஆடி நடந்து வந்து, அவன் கையை முகர்ந்துவிட்டு, உட்கார்ந்தது. யாரும் 'உட்கார்' என்று சொல்லவே இல்லை.