இரவில் சுடும் சுவர்

மே மாதத்து இரவு, மணி பத்து. திண்டிவனத்தில் ஒரு மெத்தை வீடு. சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் மேற்குச் சுவரோரம் பாய் விரித்துப் படுத்தவர் புழுக்கம் தாளாமல் எழுந்து திண்ணைக்கு வந்துவிடுகிறார். அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கணகணவென்று சுடும். பக்கத்துக் கூரை வீட்டிலோ இத்தொல்லை குறைவு. ஏன்?

ஓலை மெல்லியது, வெப்பத்தைச் சேமித்து வைக்க அதனால் இயலாது. கனத்த சுவர் அப்படியல்ல. பகலில் வெளிமுகம் வாங்கிய வெப்பம் உள்முகத்தை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. 30 செ.மீ. கனமுள்ள மண் சுவரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். நண்பகல் வெயில் இரவில்தான் வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்று சொல்லலாம்.

நமக்குத் தொல்லை தரும் இதே சுவர் லடாக்கில் வரம். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. மரங்கள் அரிது. கிராமங்களில் வறட்டியை எரித்தே குளிர் காய்ந்து வந்தார்கள். புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது; வயலுக்குப் போகவேண்டிய எரு அடுப்புக்குப் போயிற்று. மண்ணெண்ணெயோ கணவாய்களைக் கடந்து லாரியில் வரவேண்டும். ஆனால் ஒரு செல்வம் அங்கே குறைவின்றிக் கிடைக்கிறது. ஆண்டில் ஏறக்குறைய 300 நாட்கள் நல்ல வெயில்!

அந்த வெயிலைப் பிடித்து வைக்கும் சுவருக்கு 'டிராம்ப் சுவர்' என்று பெயர். அமெரிக்கரான எட்வர்டு மோர்ஸ் 1881-லேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1967-ல் பிரான்சு நாட்டு ஒடேயோ என்னும் மலையூரில் பெலிக்ஸ் டிராம்ப் இவ்வகை வீட்டைக் கட்டிக் காட்டியபின் அவர் பெயரே நிலைத்துவிட்டது. லடாக்கில் இதைப் பரப்பியவற்றுள் 1983-ல் தோன்றிய லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழு ஒன்று.

அமைப்பு மிக எளியது. வீட்டின் தெற்குச் சுவரை மண்ணால் கனமாக எழுப்பி, வெளிப்புறம் கறுப்புப் பூசி, சில அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துகிறார்கள். சூரிய ஒளி கண்ணாடியை ஊடுருவிச் சென்று கறுப்புச் சுவரைச் சுடவைக்கிறது. சூடான சுவர் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. வெயிலில் நிறுத்திய பேருந்தின் கண்ணாடிச் சன்னல்களை எல்லாம் மூடிவிட்டால் உள்ளே என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியுமே!

தெற்குச் சுவர் ஏன்? லே நகரின் அட்சரேகை 34 பாகை வடக்கு. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். கதிர்கள் சுவர் முழுவதிலும் விழும். ஜூனில் சூரியன் 79 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். அப்போது சிறு தாழ்வாரம் ஒன்றே சுவருக்கு நிழல் தரப் போதும். சூரியனே பருவம் பார்த்து அடுப்பை மூட்டி அணைக்கிறது!

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 500 கிலோ மண் இருக்கும். மண்ணின் தன் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 900 ஜூல். 10 பாகை சூடேறினால் சேமிப்பு 45 லட்சம் ஜூல். 10 சதுர மீட்டர் சுவரில் நான்கரைக் கோடி ஜூல். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் மூன்றரைக் கோடி ஜூல்தான்! சேமித்த வெப்பம் முழுவதும் அறைக்குள் வருவதில்லை. ஒரு பங்கு கண்ணாடி வழியே வெளியேறிவிடும். இரவில் கண்ணாடிக்குத் திரை போட்டால் இழப்பு குறையும். கூரை வழியே வெப்பம் ஓடிவிட்டாலும் பயனில்லை. அதற்கு வைக்கோல் போன்ற காப்புப் பொருள் வேண்டும். லே அருகே பே கிராமத்தில் உள்ள செக்மால் பள்ளி வளாகத்தின் மண் கட்டடங்கள் வெயிலால் சூடேறுமாறு கட்டப்பட்டவை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான இரு தகர டப்பாக்களில் உலர்ந்த மண்ணை நிரப்பி, வெளியே கரி பூசுங்கள். ஒன்றின்மேல் பெரிய கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து, இரண்டையும் காலை பத்து மணிக்கு வெயிலில் வையுங்கள். மாலை நான்கு மணிக்கு மண்ணின் வெப்பநிலையை அளந்து, பின் நிழலுக்கு மாற்றி, எட்டு மணி வரை அரை மணிக்கொரு முறை குறித்து வாருங்கள். பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியையே கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள காய்ச்சல் மானி 42 பாகைக்கு மேல் காட்டாது, உடைந்தும் போகலாம்.